ஓசையும் சுவரும்

தாமஸ் கார்லைல் என்னும் பெயரை நம்மவர்களில் அறியாதார் குறைவு. 1840-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் இலண்டன் மாநகரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவை மீலாது மேடைகளில் எடுத்துக்காட்டாத பேச்சாளர் இல்லை எனலாம். ஐரோப்பா பல நூற்றாண்டுகளாகச் சுமந்து வந்த அவதூறுகளை அந்த ஒரே பேச்சில் உதறித் தள்ளிய துணிவு அவருடையது. ஆனால் அந்தக் கார்லைலைப் பற்றி நம் மேடைகள் சொல்லாத செய்தியொன்று உண்டு. அம்மனிதருக்குச் சத்தம் ஆகாது.

இலண்டனில் செல்சி என்னும் பகுதியில், செய்னி ரோ என்ற தெருவில் 1834-ஆம் ஆண்டு முதல் அவர் குடியிருந்தார். அண்டை வீட்டார் வளர்த்த சேவல்கள் வைகறைக்கு முன்பே கூவின. மறுபக்கத்து வீட்டில் பியானோ ஒலித்தது. தெருவிலே கைப்பெட்டி வாத்தியக்காரர்கள் சுற்றி வந்தார்கள். மாமன்னன் ஃபிரெடெரிக்கின் வரலாற்றை எழுதத் தொடங்கியிருந்த கார்லைலுக்கு ஒரு பக்கம் எழுதுவதே பெரும்பாடாயிற்று. சேவல்களை அகற்றும்படி அண்டை வீட்டாரிடம் தூது சென்று பேசும் பொறுப்பு அவருடைய மனைவி ஜேனின் தலையில் விழுந்தது. பெரிய எழுத்தாளர்களின் வீடுகளில் இது வழக்கந்தானே!

முடிவில், 1853-ஆம் ஆண்டு, வீட்டின் உச்சியிலே ஓசை புகாத அறை ஒன்றைக் கட்டுவித்தார். ஒரு சுவருக்குள் இன்னொரு சுவர். இரண்டுக்கும் நடுவே காற்று நிற்கும் இடைவெளி. தெருவைப் பார்க்கும் சன்னல் இல்லை. வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாக மட்டுமே இறங்கும். கட்டுமான வேலையின் தூசியும் இடியும் அந்தக் குடும்பத்தைப் படுத்திய பாடு தனிக்கதை. வேலை முடிந்தது. எழுத்தாளர் மேலே ஏறி அமர்ந்தார். சேவலின் கூவலும் பியானோவும் தணிந்தன. ஆனால் அதுவரை காதில் விழாதிருந்த தொலைவு ஓசைகள், தேம்ஸ் நதிப் படகுகளின் ஊதலும் இரயிலின் சீழ்க்கையும், கூரை வழியே இறங்கி வந்தன. ஆறு பாகங்கள் கொண்ட அந்த வரலாற்றை அவ்வறையிலேயே எழுதி 1865-இல் முடித்தார். முடித்த கையோடு அறையைக் கைவிட்டுக் கீழ்த்தளத்திற்கு இறங்கிவிட்டார். பின்னர் அது வேலைக்காரப் பெண்ணின் படுக்கை அறையாயிற்று. இதற்கிடையே 1864-இல், தெருப் பாட்டுக்காரர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டுமென்று நாவலாசிரியர் டிக்கன்ஸ் முதலானோர் விடுத்த வேண்டுகோளிலும் கார்லைல் கையெழுத்திட்டார். சுவரால் ஆகாததைச் சட்டத்தால் சாதிக்கலாமென்று எண்ணினார் போலும்.

அந்த அறை ஏன் தோற்றது? இன்றைய ஒலியியலார் சொல்லும் காரணங்கள் எளியவை. ஓசையைத் தடுப்பது சுவரின் எடை. கனத்த சுவர் எளிதில் அதிராது. இலேசான சுவர் பறையின் தோலைப்போல் அதிர்ந்து, ஒரு பக்கத்து ஓசையை மறுபக்கம் கொடுத்துவிடும். ஆயினும் எடையை இரட்டித்தால் ஓசை பாதியாகும் என்று எண்ணுவது பிழை. எடை இரட்டிக்கும்போது ஏறத்தாழ 5 அல்லது 6 டெசிபெல் குறையும்; காதுக்குப் பாதியாகத் தோன்றவோ 10 டெசிபெல் குறைந்தாக வேண்டும். அதனாலேயே ஒரே சுவரை மேலும் மேலும் தடிப்பாக்குவதைவிட, ஒன்றையொன்று தொடாத இரு சுவர்களை எழுப்பி நடுவே காற்றை நிறுத்துவது மேல். இவ்வளவில் கார்லைலின் கொத்தர்கள் சரியாகவே செய்திருந்தார்கள். ஆனால் ஓசை தண்ணீரைப் போன்றது. எங்கே இளக்கமோ அங்கே கசியும். கண்ணாடி பதித்த கூரையும், மூச்சுவிட வைத்த காற்றுவழியும், கதவின் கீழ் விடப்பட்ட விரலளவு சந்தும் போதும், இரட்டைச் சுவரின் உழைப்பெல்லாம் வீணாக. இன்னொன்றும் உண்டு. அருகிலுள்ள பேரோசை அடங்கியதும், அதன் நிழலில் மறைந்து கிடந்த சிற்றோசைகள் காதுக்குத் தெரியத் தொடங்கும். சந்தை கலைந்த பிறகுதான் கடிகாரத்தின் ஓசை கேட்கிறது அன்றோ?

இங்கே ஒன்றைப் பிரித்துக் காட்டாமல் மேலே செல்ல இயலாது. வெளியிலிருந்து வரும் ஓசையைத் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் ஓசையை அடக்கி ஆள்வது வேறொரு வேலை. முன்னதற்கு வேண்டுவது கனமும் இறுக்கமும். பின்னதற்கு வேண்டுவது மென்மையும் துளைகளும். பக்கத்து வீட்டு வானொலி கேட்கக் கூடாதென்று சுவரில் முட்டைத் தட்டுகளையும் தெர்மோகோலையும் ஒட்டிவைக்கும் இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த இலேசான பொருள்கள் வெளியோசையை ஒரு சிறிதும் நிறுத்தமாட்டா. அதுபோன்றே, கனத்த கான்கிரீட் சுவரும் பளிங்குத் தரையும் தெரு ஓசையை நிறுத்தும். ஆனால் உள்ளே பேசும் பேச்சை விழுங்காமல் திருப்பித் திருப்பி எறியும். கட்டடம் கட்டும் நம்மவர்களில் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனவே கருதுகிறார்கள். கார்லைல் மறைந்த 1881-ஆம் ஆண்டிலும், உள்ளோசையைக் கணக்கிட்டு அடக்கும் வழியை உலகில் எவரும் கண்டிருக்கவில்லை. அதனைக் கண்டவர் ஓர் அமெரிக்க இளைஞர். அவரை அந்த வழியில் இறக்கிவிட்டதும் தோற்றுப்போன ஒரு கூடந்தான்.

1895-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. வரைந்தவர் சாதாரணமானவர் அல்லர்; சுதந்திர தேவியின் சிலைக்குப் பீடம் வரைந்த ரிச்சர்ட் மோரிஸ் ஹண்ட். கட்டடத்தின் உள்ளேயிருந்த விரிவுரைக் கூடத்தில் முதல் ஆசிரியர் வாய்திறந்த அன்றே குட்டு உடைந்தது. ஆளில்லாத கூடத்தில் சொன்ன ஒரு சொல் ஐந்தரை விநாடிக்கு அடங்காமல் நின்றது. நிதானமாகப் பேசுபவர்கூட அந்நேரத்தில் பத்துச் சொற்களாவது சொல்லிவிடுவார். அந்தப் பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் மாணவன் எதைப் பொறுக்குவான்? இங்ஙனம் ஓசை உடனே மடியாமல் நீடித்து நிற்பதைத்தான் எதிர்முழக்கம் என்பர். பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட், இயற்பியல் துறையில் இளையவராக இருந்த வாலஸ் கிளெமென்ட் சபைனை அழைத்து, இதற்கொரு வழி காணும்படி கேட்டுக்கொண்டார். சபைனுக்கு அப்போது வயது 27.

இளைஞர் கையாண்ட முறை எளிது. அதிலுள்ள உழைப்போ கொடிது. அருகில் சாண்டர்ஸ் அரங்கம் என்ற மரத்தாலான கூடமொன்று இருந்தது. அங்கே பேச்சு தெளிவாகக் கேட்டது. இருக்கைகளில் மெத்தைகளும் இருந்தன. நள்ளிரவில், தெரு வண்டிகள் ஓய்ந்த பிறகு, உதவியாளர்கள் சிலருடன் சபைன் அம்மெத்தைகளைச் சுமந்து வருவார். ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கச் செய்து, அதை நிறுத்திய கணத்திலிருந்து ஓசை முற்றும் மடிகிற கணம்வரை காலக்கருவியால் அளப்பார். பிறகு சில மெத்தைகளை உள்ளே இட்டு மீண்டும் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகள் அத்தனையும் சாண்டர்ஸ் அரங்கிற்குத் திரும்பியாக வேண்டும். காலையில் அங்கே ஆட்கள் வந்து அமர்வார்கள். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் இப்படி.

வெறுங்கூடத்தில் ஓசை 5.62 விநாடி நின்றது. 8.2 மீட்டர் நீள மெத்தைகளை இட்டதும் 5.33 ஆயிற்று. 17 மீட்டர் இட்டபோது 4.94. இருக்கைகள், நடைபாதை, மேடை, பின்சுவர் என்று எங்கும் பரப்பி 436 மீட்டர் மெத்தை உள்ளே வந்தபோது ஓசை 1.14 விநாடியில் மடிந்தது.

இதிலே ஒரு நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகல்வதில்லை. ஒரு பருவம் முழுதும் எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் நின்றன. காரணம் தேடிய சபைன், தாம் உடுத்திருந்த உடையே பிழையென்று கண்டார். உடை மாறும்போது, அது விழுங்கும் ஓசையும் மாறிற்று! எடுத்த அளவுகளை அப்படியே எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அன்றுமுதல் அளக்கும் இரவுகளில், வெயிற்காலமாயினும் குளிர்காலமாயினும், ஒரே கோட்டு, ஒரே கால்சட்டை, ஒரே காலணி. தம் பிழையை வேறெவரும் அறியாதபோது தாமே அறிந்து எறிகிறவர் எத்தனை பேர்?

1898-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ஆம் நாள் இரவு. சேர்த்துவைத்த எண்களைக் கோடாக வரைந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து, அது அதிபரவளைவு என்று தம் தாயாரிடம் உரத்துச் சொன்னாராம். அன்னைக்கு என்ன விளங்கியிருக்குமோ! பொருள் இதுதான்: கூடத்தில் ஓசையை விழுங்கும் பொருள்களின் மொத்தத்தையும், ஓசை மடிய எடுக்கும் காலத்தையும் பெருக்கினால், அந்தக் கூடத்திற்கு எப்போதும் ஒரே விடை. ஒன்று இரட்டித்தால் மற்றது பாதியாகும். கூடத்தின் கொள்ளளவு கூடினால் அந்த விடையும் அதே விகிதத்தில் கூடும். இன்றைய அளவுகளில் சொன்னால், கன மீட்டரில் கூடத்தின் கொள்ளளவை 0.16-ஆல் பெருக்கி, விழுங்கும் பொருள்களின் மொத்தத்தால் வகுத்தால் ஓசை நிற்கும் விநாடிகள் கிடைத்துவிடும்.

விழுங்குவதை எதைக்கொண்டு அளப்பது? அதற்கும் அழகான அளவுகோல் ஒன்றை அவர் தேர்ந்தார்: திறந்த சன்னல். சன்னல் வழியே போன ஓசை திரும்பி வராது. எனவே ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் ஓர் அலகு. மற்றவையெல்லாம் அதில் எத்தனை பங்கு என்று பட்டியல் இட்டார். சிமெண்டில் பதித்த செங்கல் சுவர் 0.025. சன்னல் கண்ணாடி 0.027. மரப்பலகை 0.061. சாதாரண விரிப்பு 0.20. கனத்த திரைச்சீலை 0.23. மிகக் கனத்த கீழைநாட்டுக் கம்பளம் 0.29. கூட்டத்தில் அமர்ந்திருக்கும் மனிதர் தலைக்கு 0.44. தனித்து நிற்கும் ஆணுக்கு 0.48, பெண்ணுக்கு 0.54. அக்காலப் பெண்களின் உடையில் துணி மிகுதி என்பதே இந்த வேறுபாட்டிற்குக் காரணம்.

இதற்கிடையே எலியட், கண்டது போதும் என்று அவசரப்படுத்தினார். ஃபாக் கூடத்தின் சுவர்களில் கம்பளி நமுதா ஒட்டப்பட்டது. கூடம் பயன்பாட்டுக்கு வந்ததே தவிர, பெரும்புகழ் பெற்றுவிடவில்லை. சபைனின் கணக்குக்கு மெய்யான தேர்வு அடுத்து வந்தது. பாஸ்டன் நகரின் இசைக்குழுவுக்காக ஹென்றி லீ ஹிக்கின்சன் என்ற செல்வர் புதிய மண்டபம் கட்ட முனைந்தார். கட்டடக் கலைஞர் சார்லஸ் மெக்கிம். கட்டுவதற்கு முன்பே, தாளின்மீது, ஓசை எத்தனை விநாடி நிற்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பைச் சபைன் ஏற்றார். உலகில் அங்ஙனம் கணக்கிட்டுக் கட்டப்பட்ட முதல் இசைமண்டபம் அதுவே. 1900-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் திறக்கப்பட்டது. கார்லைலின் பிணியும் ஹண்டின் பிணியும் அங்கே தனித்தனியே தீர்க்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். தெரு ஓசை மண்டபத்தைத் தீண்டாதபடி சுற்றிலும் நடைகூடங்கள். உள்ளோசைக்குச் சபைனின் கணக்கு. திறந்த நாள்களில் சில விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். பின்னர் உலகின் மிகச்சிறந்த மூன்று நான்கு மண்டபங்களுள் ஒன்றென எல்லாரும் கூறலாயினர். சபைன் அதைக் கேட்க நெடுநாள் இருக்கவில்லை. முதல் உலகப்போரின் ஓயாத பணிகளால் உடல் நலிந்து 1919-இல், தமது 50-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் செய்த மற்றொரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். இசைப்பள்ளி ஒன்றின் பியானோ அறைகளில் இசைவாணர்களை அமர்த்தி, மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும், எப்போது இசை இனிதாயிருக்கிறது என்று கேட்டார். ஐந்து அறைகளில், ஒருவர் பின் ஒருவராக அவர்கள் ஒப்புக்கொண்ட நிலைகளை அளந்தால், சராசரி 1.08 விநாடி. வேறுபாடோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவே! மனிதச் செவியின் நுண்மைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆனால் பெரிய இசைமண்டபத்திற்கு இரண்டு விநாடியை ஒட்டிய எதிர்முழக்கமே இனிமை தருகிறது. சொற்பொழிவுக்கோ ஒரு விநாடிக்குமேல் போனால் சொல் மங்கத் தொடங்கும். ஆக, எல்லா வேளைக்கும் ஏற்ற ஒரே அமைதி என்று எதுவும் இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நினைவுக்கு வந்தது. கடற்கரையோரத்துச் சிற்றூர். பழைய பள்ளி மரத்தூண்களும் பலகை மச்சுமாக இருந்தது. மூன்று பக்கமும் திறந்த தாழ்வாரம், தரையில் பாய்கள். ஹஜ்ரத் ஒலிபெருக்கி இன்றியே பேசுவார். கடைசி வரிசைவரை கேட்கும். இடம் போதவில்லை என்று அதை இடித்துக் கான்கிரீட்டில் புதுப்பித்தார்கள். கிரானைட் தரை, தோளுயரத்திற்கு ஓடு பதித்த சுவர், நடுவே தட்டையான குவிமாடம், பிறகு குளிர்சாதனம் வந்ததால் அடைத்த கண்ணாடிச் சன்னல்கள். மேல்தளத்தில் பெண்களுக்கெனத் திரை கட்டிய பகுதி. ரமலான் இரவில் தராவீஹுக்குப் பின் நடக்கும் பயானைக் கேட்டுத் திரும்பிய என் உம்மா சொன்னார்கள்: “ஹஜ்ரத்துடைய குரல் கேக்குது வாப்பா, பேச்சு கேக்கல.”

ஜமாஅத் நிர்வாகிகளிடம் முறையிட்டோம். நல்லெண்ணம் உடையவர்கள்; உடனே நான்காக இருந்த ஒலிபெருக்கிகளைப் பன்னிரண்டாக்கினார்கள். நிலைமை முன்னினும் கெட்டது. கெடாமல் என்ன செய்யும்? குரலை உயர்த்தினால், அது விட்டுச்செல்லும் முழக்கமும் அதே அளவு உயரும். பன்னிரண்டு வாய்கள் பன்னிரண்டு இடங்களிலிருந்து கத்தினால், மிச்சம் பன்னிரண்டு மடங்கு.

சபைனின் கணக்கை எங்கள் பள்ளியளவு கூடம் ஒன்றுக்கு இட்டுப் பார்த்தேன். 15 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். கொள்ளளவு 900 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 630 சதுர மீட்டர். எல்லாம் கடினப் பரப்பாகையால் அதில் 0.025 பங்கு எடுத்தால் விழுங்கும் அலகுகள் ஏறத்தாழ 16. அடைத்த வெறுங்கூடத்தில் ஓசை 9 விநாடி நிற்கும்! ஜும்ஆ நாளில் 200 பேர் வந்து அமர்ந்தால் 88 அலகுகள் கூடி 1.4 விநாடிக்கு இறங்கிவிடும். அதனால்தான் வெள்ளிக்கிழமை குத்பா ஓரளவு விளங்குகிறது. வேலைநாளில் 30 பேர் அமர்ந்து கேட்கும் பயானோ 5 விநாடி முழக்கத்தில் மூழ்குகிறது. தரை முழுதும் சாதாரண விரிப்பு இட்டால், ஆளில்லாமலே 9 விநாடி 3 ஆகும். ஒன்றரைச் சதுர மீட்டர் அளவில் ஆறு சன்னல்களைத் திறந்து வைத்தாலோ, ஒரு காசும் செலவின்றி ஏறத்தாழ 6 ஆகும். பழைய பள்ளியின் திறந்த தாழ்வாரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. எங்கள் முன்னோர் சபைனைப் படித்தவர்கள் அல்லர். காற்றுக்காகத் திறந்து வைத்தார்கள், ஓசையும் அவ்வழியே போயிற்று.

குவிமாடம் செய்யும் தீங்கு இந்தக் கணக்கில் அடங்காதது. குழிந்த கண்ணாடி ஒளியைக் குவிப்பதுபோல் குழிந்த கூரை ஓசையைக் குவிக்கும். பீஜப்பூரில் முஹம்மது ஆதில்ஷா அடங்கியிருக்கும் கோல் கும்பஸைப் பார்த்தவர்கள் இதை மறக்கமாட்டார்கள். உட்புறம் ஏறத்தாழ 38 மீட்டர் விட்டமுள்ள அந்த மாடத்தின் சுற்றுத் திண்ணையில் ஒருவர் சுவரோடு முணுமுணுத்தது எதிர்ப்புறத்தில் தெளிவாகக் கேட்கும். ஒரு கைதட்டல் பலமுறை திரும்பி வரும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் இத்தகைய முணுமுணுப்பு மாடங்களை ஆராய்ந்து 1922-இல் எழுதியபோது கோல் கும்பஸையும் அவற்றுள் சேர்த்தார். வேடிக்கை பார்க்க அது அற்புதம். அங்கே நின்று ஒரு குத்பா ஓதினால் தெரியும் சங்கதி.

அப்படியானால் பெருங்குவிமாடங்களைக் கட்டிய துருக்கியர் என்ன செய்தார்கள்? உதுமானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான், சுல்தான் சுலைமானின் ஆணையால் இஸ்தான்புல் நகரில் சுலைமானிய்யாப் பள்ளிவாசலை 1550-இல் தொடங்கி 1557-இல் முடித்தார். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்குள் உட்கார்ந்து சினான் ஹுக்கா குடிக்கிறார் என்று சுல்தானிடம் கோள் சொன்னார்களாம். சினங்கொண்டு விரைந்த சுல்தான் கண்டது வேறு. ஹுக்காவில் புகையிலை இல்லை, தண்ணீர் மட்டுமே. அதன் குமிழி ஓசை மாடமெங்கும் எங்ஙனம் பரவுகிறது என்று சினான் செவிமடுத்துக்கொண்டிருந்தார். இனிய கதைதான், ஆனால் நம்புவதற்கில்லை. சினான் மறைந்தது 1588-இல். புகையிலைப் பழக்கம் உதுமானிய நாட்டில் பரவியது அதற்குப் பிறகு. அந்நாளில் ஹுக்காவுக்கு எங்கே போவது? ஒலியைச் சோதிக்காமல் அவர் கட்டவில்லை என்று மக்கள் உணர்ந்திருந்ததைத்தான் அக்கதை காட்டுகிறது.

கதையை விடுத்துக் கல்லைப் பார்ப்போம். சுலைமானிய்யாவின் மாடத்தில், வாய் உட்புறம் திறந்திருக்கும்படி மண்குடங்கள் பல பதிக்கப்பட்டுள்ளன. வெறும் புட்டியின் வாயில் ஊதினால் அது ஒரே சுருதியில் முனகுவதைச் சிறுவரும் அறிவர். அதே விதியால், குறுகிய வாயுள்ள குடம் தன் சுருதிக்கு ஒத்த ஓசையைக் காற்றிலிருந்து இழுத்துத் தனக்குள் அடக்கும். நாடக அரங்குகளில் வெண்கலக் கலங்கள் வைக்கும் முறையை உரோமானியரான விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். சினானின் குடங்கள் எவ்வளவு ஓசையை விழுங்குகின்றன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அத்தனை பெரிய மாடத்திற்கு அவை போதா என்பாரும் உளர். 2000-ஆம் ஆண்டுக்குப்பின் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சினானின் பள்ளிகளில் கருவிகளை வைத்து அளந்தார்கள்; வெறுமையாக இருக்கையில் எதிர்முழக்கம் நீளமானதே, அதிலும் தாழ்ந்த சுருதிகளில் மிக நீளம்.

என் கருத்தில், குடங்களைவிடப் பெரிய விவேகம் அந்த மாடத்தின் உயரத்தில் இருக்கிறது. மாடத்தின் விட்டம் ஏறத்தாழ 26 மீட்டர். உச்சி தரையிலிருந்து 53 மீட்டர். அரைக்கோளத்தின் மையம் உச்சியிலிருந்து 13 மீட்டர் கீழே. அதாவது தொழுபவர் தலைக்கு மேல் ஏறத்தாழ 40 மீட்டர். ஓசை குவிந்தாலும் அங்கே அந்தரத்தில் குவிந்து, கீழே வருமுன் சிதறிவிடும். நம் ஊர்களில் காசுக்கேற்பத் தட்டையாக வளைக்கும் சிறு மாடங்களின் மையமோ சரியாக மனிதத் தலைமட்டத்திற்கு இறங்கி வருகிறது. எங்கள் பள்ளியில் நடுத்தூணருகே உட்கார்ந்தவர்க்குத் தம் இருமலே பின்னாலிருந்து கேட்பதன் காரணம் இதுவே.

சுலைமானிய்யாவில் மேலும் இரண்டு செய்திகள். தரை முழுதும் கனத்த கம்பளம்; அதாவது சபைனின் பட்டியலில் 0.29 பெற்ற அதே பொருள், சதுர மீட்டர் கணக்கில் ஆயிரங்களில். அடுத்து, இமாமின் தக்பீரை எடுத்துச் சொல்லுவோருக்கென்று உயர்ந்த மேடை உண்டு. ஒரே குரலை உயர்த்திக்கொண்டே போகாமல், கேட்பவர் அருகிலே இன்னொரு குரலை நிறுத்தும் முறை அது. ஓதுதலுக்கு அந்தக் கூடம் தரும் நீட்டமும் கேடன்று. நிறுத்தி, இழுத்து ஓதும் கிராஅத்தை அந்த முழக்கம் தாங்கி ஏந்துகிறது. வேகமாகப் பேசும் பேச்சைத்தான் அது குழப்பும். பழைய கதீபுகள் மிம்பரில் நின்று நிறுத்தி நிறுத்திப் பேசியது கம்பீரத்திற்காக மட்டும் அல்ல போலும்.

இக்கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி எங்கள் முத்தவல்லி அவர்களிடம் கொடுத்தேன். குவிமாடத்தை இடிக்கச் சொல்கிறேனோ என்று முதலில் பயந்துவிட்டார். பிறகு பொறுமையாகப் படித்தார். அடுத்த ரமலானுக்குமுன் தரையில் கனத்த விரிப்பு வந்தது. பின்சுவர் முழுதும் மடிப்புமடிப்பாகத் திரைச்சீலை தொங்கிற்று. பன்னிரண்டு ஒலிபெருக்கிகளில் எட்டு கழற்றப்பட்டன. எஞ்சிய நான்கும் கேட்பவர் அருகே தாழ இறங்கி, குரலும் குறைக்கப்பட்டது. வெப்பம் மிகாத இரவுகளில் குளிர்சாதனத்தை நிறுத்திச் சன்னல்களைத் திறந்துவைத்தார்கள். தட்டையான மாடம் மட்டும் அப்படியே இருக்கிறது. நடுத்தூணருகே இன்னும் இருமல் திரும்பி வருகிறது.

முதல் வாரத்தில் ஒரு நாள் பயான் முடிந்து வீட்டுக்கு வந்த உம்மா, முக்காட்டைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றார்கள்.

“ஹஜ்ரத் இன்னிக்கு யூசுப் நபி வரலாறு சொன்னாக. கிணத்துலேர்ந்து எடுத்த வணிகர்கள் குறைஞ்ச விலைக்கு வித்ததைச் சொல்லாமலேயே எகிப்துக்குப் போயிட்டாகளே, ஏன் வாப்பா?”